தலைமயிரும் தகைமையும்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொழில்தருநர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வங்கிக் கிளைகளையும் நிதி நிறுவனங்களையும் தனியார் வைத்தியசாலைகளையும் விடுதிகளையும் புடைவைக் கடைகளையும் தனியார் கல்வி நிலையங்களையும் நடத்தி, ஆண்டுதோறும் இளைஞர்களை நேர்முகத் தேர்வுக்கு அழைத்து, அவர்களுள் யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கும் இடத்தில் இருக்கும் உங்களை நோக்கியே இம்மடல் எழுதப்படுகிறது. நீண்ட தலைமயிர் வைத்திருக்கும் ஆண் ஒருவர் உங்கள் முன் வந்து அமரும்போது, மேசையில் இருக்கும் அவரது சான்றிதழ்களைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் பார்வை அவரது தலையில் நின்றுவிடுகிறது என்பதும், அந்தப் பார்வையே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்பதும் நீங்கள் மறுக்கக்கூடிய செய்திகள் அல்ல. அம்முடிவு நியாயமற்றது, நீங்கள் அதற்குச் சொல்லும் காரணங்கள் எதுவும் தாங்கி நிற்பதில்லை.

முடியை வெட்டச் சொல்லும் இந்த நெருக்குதல் எழுத்தில் இருப்பதில்லை என்பதே அதன் முதற்பண்பு. வேலைவாய்ப்பு விளம்பரத்தில் கல்வித் தகைமை, வயது, மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம், அனுபவம் ஆகியவை வரிசையாகக் கேட்கப்படுகின்றன. தலைமயிரின் நீளம் கேட்கப்படுவதில்லை. ஆனால் நேர்முகத் தேர்வு முடியும் தறுவாயில், கோப்பை மூடிக்கொண்டே, "தம்பி, மற்றதெல்லாம் சரி, தலையை மட்டும் ஒருக்கா வெட்டிப்போட்டு வாரும், பிறகு பாப்பம்" என்று கனிவாகச் சொல்லப்படுகிறது. விளம்பரத்தில் அறிவிக்கப்படாமல், நியமனக் கடிதத்திலும் எழுதப்படாமல், ஆனால் நிறைவேற்றாவிட்டால் வேலை கிடைக்காது என்பது இரு தரப்புக்கும் விளங்கும்படி வைக்கப்படும் இத்தகைய கோரிக்கையை மறைமுக நிபந்தனை என்று அழைக்கலாம். எழுதப்பட்ட நிபந்தனையை ஒருவர் படித்துப் பார்த்து விண்ணப்பிக்காமல் விடலாம், எதிர்த்து வாதிடலாம், தொழிற்சங்கத்திடம் காட்டலாம். கனிவான குரலில் சொல்லப்பட்ட நிபந்தனையை எதிர்ப்பவரோ நன்றியில்லாதவராகவும் திமிர் பிடித்தவராகவும் தோற்றமளிக்கிறார்.

வேலை கிடைத்த பின்னரும் இந்த நெருக்குதல் ஓய்வதில்லை. நீள்முடியை இறப்பர் வளையத்தால் இறுகக் கட்டி, சேட்டுக் கொலருக்குள் செருகி, மதிய உணவு வேளையில் அது வெளியே வந்துவிட்டதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொள்ளும் ஊழியரை நீங்கள் கண்டிருப்பீர்கள். பின்னால் நின்று பார்த்துவிட்டு "அக்கா எண்டு நினைச்சு கூப்பிட்டிட்டன்" என்று சக ஊழியர் ஒருவர் சொல்ல, அலுவலகம் சிரிக்கிறது. அதே பகிடி மறுவாரமும் சொல்லப்படுகிறது. வாடிக்கையாளர் முன்னால் இருக்கும் இருக்கையிலிருந்து அவர் பின்னறைக் கணக்கு வேலைக்கு மாற்றப்படுகிறார், காரணம் சொல்லப்படுவதில்லை. ஊர் சிறியது என்பதால், உங்களுள் ஒருவர் கோயில் வீதியில் அவருடைய தகப்பனாரைக் காணும்போது மகனின் தலையைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிடுகிறார்; அன்று இரவு வீட்டில் "சனம் என்ன சொல்லும்" என்ற கேள்வியோடு சோறு பரிமாறப்படுகிறது. இவ்வாறு அலுவலகமும் குடும்பமும் ஊர்விடுப்பும் ஒரே மனிதரின் தலையைச் சுற்றிக் கூட்டுச் சேர்ந்துவிடுகின்றன.

உங்களிடம் காரணம் கேட்டால் முதலில் வருவது பண்பாடு. ஆண் முடியைக் கட்டையாக வெட்டிக்கொள்வதே எங்கள் தமிழ்ப் பண்பாடு, நீள்முடி வெளிநாட்டுச் சினிமாவிலிருந்து வந்த பழுது என்று சொல்கிறீர்கள். உண்மை நேர்மாறானது. உங்கள் பூட்டனாரின் தகப்பனார் காலத்துப் புகைப்படம் ஏதேனும் வீட்டில் எஞ்சியிருக்குமானால், அதில் பெரும்பாலும் குடுமி இருக்கும், அல்லது குடுமியை மறைத்த தலைப்பாகை இருக்கும். முன்தலையை மழித்தோ மழிக்காமலோ, எஞ்சிய முடியை நீள வளர்த்து முடிந்துகொள்வதே பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்துச் சைவ ஆணின் வழக்கமான தோற்றம். தெற்கே கரையோரச் சிங்கள ஆண்களும் நீள்முடியைக் கொண்டையாக முடிந்து, அதன்மேல் ஆமையோட்டுச் சீப்பு அணிந்து திரிந்தார்கள். 1816 இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்டு, 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கிய பின்னரும், ஆங்கிலக் கல்வியும் அரசாங்க எழுதுவினைஞர் வேலையும் குடாநாட்டின் இலட்சியங்களாக மாறிய பின்னருமே கட்டை முடி, அதாவது 'கிராப்பு', கற்றவனின் அடையாளமாகப் படிப்படியாக நிலைபெற்றது. மதம் மாறியவர் குடுமியைக் களைய வேண்டுமா என்பது தமிழகத்து மிசனரிமாரிடையே பெரும் விவாதமாகவே நடந்தது. திருநெல்வேலியில் பணியாற்றிய கால்டுவெல் பாதிரியார் 1867 இல் குடுமியைப் பற்றித் தனிச் சிறுநூல் ஒன்றே எழுதி, அது சமயக் குறியன்று, நாட்டு வழக்கம் என்று வாதிட்டார். பாதிரியாரே நாட்டு வழக்கம் என்று ஒப்புக்கொண்ட ஒன்றை, அந்த நாட்டு வழக்கத்தின் பெயராலேயே நீங்கள் இன்று விலக்குகிறீர்கள்.

இன்னும் விசித்திரமானது, கட்டை முடியே ஒரு காலத்தில் ஒழுங்கீனமாகப் பார்க்கப்பட்டது என்பது. நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று போற்றப்பட்ட திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) குடுமியைக் களைந்து கிராப்பு வைத்துக்கொண்டது மரபை மீறிய செயலாகவே அன்று பேசப்பட்டது. பாரதியும் தம் குலத்தவருக்கு விதிக்கப்பட்ட குடுமியை விட்டுவிட்டே திரிந்தார். அன்றைக்குக் கிராப்பைக் கண்டு முகம் சுளித்தவர்களும் பண்பாடு என்றே சொன்னார்கள். இன்றைக்கு நீள்முடியைக் கண்டு முகம் சுளிக்கும் நீங்களும் அதையே சொல்கிறீர்கள். முடியின் நீளம் தலைகீழாக மாறிவிட்டது, சொல்லப்படும் நியாயம் மட்டும் மாறவில்லை.

உங்களுள் பலரது கடைகளிலும் வீடுகளிலும் கொழும்புத்துறை யோகர் சுவாமிகளின் (1872–1964) படம் மாலையோடு தொங்குகிறது. வெண்ணிற நீள்முடியைப் பின்னுக்கு வாரி முடிந்து, வெண்தாடியோடு இருக்கும் அம்முகத்தை வணங்கிவிட்டே காலையில் கல்லாப்பெட்டியைத் திறக்கிறீர்கள். அவர் துறவு கொள்வதற்கு முன் இரணைமடு நீர்ப்பாசன வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளராகச் சம்பளத்துக்கு வேலை செய்தவர் என்பதும் உங்களுக்குத் தெரியும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவத்தில் குடுமி முடிந்த குருக்கள்மாரின் கையால் திருநீறு வாங்குகிறீர்கள். செல்வச்சந்நிதிக்கு நேர்த்தி வைத்து முடி வளர்ப்பவரைக் கேள்வி கேட்பதில்லை. சடைமுடிப் பெருமானைத் தேவாரத்தில் நாள்தோறும் பாடுகிறீர்கள். சமயத்தின் பெயரால் வளர்க்கப்பட்ட முடி புனிதம் என்றும், ஒருவர் தம் விருப்பத்தால் வளர்த்த அதே முடி காவாலித்தனம் என்றும் பிரித்துப் பார்ப்பதற்கு உங்களிடம் இருக்கும் அளவுகோல் எது?

பழைய குடுமிக் காலம் பொற்காலமாக இருந்தது என்று இங்கே சொல்லப்படவில்லை. யார் எதை உடுக்கலாம், யார் தோளில் சால்வை போடலாம், யாருடைய வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கலாம் என்பதையெல்லாம் சாதி தீர்மானித்த சமூகம் அது. ஒடுக்கப்பட்ட மக்கள் நல்ல உடை உடுத்தியதற்காகவே தாக்கப்பட்ட வரலாறு இக்குடாநாட்டுக்கு உண்டு. முடி வெட்டும் தொழில் ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்டது, அத்தொழிலைச் செய்தவர்கள் இழிவாக நடத்தப்பட்டார்கள், வேறு சில சாதியாருக்குச் சலூன் கதவு திறக்கவேயில்லை. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், 1966 ஒக்ரோபரில் தொடங்கிய தீண்டாமை ஒழிப்புப் போராட்டமும் 1968 மாவிட்டபுரக் கோயில் நுழைவுப் போராட்டமும் தேவைப்பட்டன. பிறருடைய உடலைக் கண்ணால் அளந்து அவருடைய தரத்தைத் தீர்ப்பிடும் பழக்கம் இந்த மண்ணில் எங்கிருந்து வந்தது என்பதை நினைவூட்டுவதற்காகவே இவ்வரலாறு இங்கே சொல்லப்படுகிறது. நீள்முடி வைத்த ஆணுக்கு நேர்வது சாதிக் கொடுமைக்கு நிகரானதன்று. அவ்வாறு ஒப்பிடுவது அந்தப் போராட்டங்களில் உயிர் கொடுத்தவர்களை அவமதிப்பதாகும். ஆயினும், 'பார்த்த உடனே ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும்' என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது.

நீங்கள் சொல்லும் இரண்டாவது காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. போர் முடிந்த பின்னான ஆண்டுகளில் வாள்வெட்டுக் குழுக்கள் குடாநாட்டை அச்சுறுத்தின. 'ஆவா' என்ற பெயர் வீடுகளில் இரவில் கதவைப் பூட்ட வைத்தது. அக்குழுக்களைச் சேர்ந்தோர் என்று பொலிசார் காட்டிய இளைஞர்களின் முடியும் தாடியும் செய்திப் படங்களில் பதிந்துபோயின. அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் அந்த அச்சத்திலிருந்து நீங்கள் எடுத்த முடிவு பொய். வாளோடு திரிபவன் உங்களிடம் வேலை கேட்டு வர நினைத்தால், வருமுன் சலூனில் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு, கட்டை முடியும் மழித்த முகமுமாக உங்கள் முன் வந்து உட்காருவான். அவனை உங்கள் அளவுகோல் வரவேற்கும். தன் தோற்றத்தை மறைக்க விரும்பாமல் உள்ளபடியே வந்தவரைத்தான் அது திருப்பி அனுப்பும். மோசடிக்காரர் ஏமாற்றிக் கடந்துவிட, நேர்மையானவர் மட்டும் அகப்படும் ஒரு சோதனையை எந்தக் கணக்காய்வாளரும் ஏற்கமாட்டார். ஒருவரின் நடத்தையை அறிய வேண்டுமானால் முன்பு வேலை செய்த இடத்தில் விசாரியுங்கள், நற்சான்றுப் பத்திரத்தில் கையொப்பமிட்டவரோடு தொலைபேசியில் பேசுங்கள், தகுதிகாண் காலம் எதற்காக இருக்கிறதோ அதற்காக அதைப் பயன்படுத்துங்கள்.

வாடிக்கையாளர் விரும்பமாட்டார் என்பது மூன்றாவது. யார் அந்த வாடிக்கையாளர்? ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் ஆடி ஆவணித் திருவிழாக் காலத்தில் வந்திறங்கும் உறவினரின் மகன், தோளில் புரளும் முடியும் காதில் கடுக்கனுமாக உங்கள் நிறுவனத்துக்குள் நுழையும்போது அவருக்குக் கதிரை போடப்படுகிறது, குளிர்பானம் வருகிறது, 'வெளிநாட்டுப் பெடியன், ஸ்டைலா இருக்கிறார்' என்று மெச்சப்படுகிறது. அதே வயதில் அதே முடியோடு கோண்டாவிலிலிருந்தோ கரவெட்டியிலிருந்தோ சைக்கிளில் வந்த இளைஞருக்கு அதே நிறுவனத்தில் விண்ணப்பப் படிவமே தயக்கத்தோடு கொடுக்கப்படுகிறது. உங்களை உறுத்துவது முடிதான் என்றால் இருவரிடமும் அது உறுத்தியிருக்க வேண்டும்.

நீங்கள் காட்டும் மற்றக் காரணங்களான பாதுகாப்பையும் துப்புரவையும் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கிளிநொச்சியின் ஆடைத் தொழிற்சாலைகளில் இடுப்பளவு கூந்தல் உள்ள பெண்கள் தலைத்துணி கட்டிக்கொண்டு நாள் முழுவதும் இயந்திரங்களோடு வேலை செய்கிறார்கள். வைத்தியசாலைகளில் தாதியர் முடியைக் கொண்டையிட்டு, சத்திரசிகிச்சைக் கூடத்தில் தொப்பி அணிகிறார்கள். சமையற்கூடங்களில் வலைத்தொப்பி இருக்கிறது. பெண்ணின் நீள்முடியைக் கட்டினால் போதும் என்றும் ஆணின் நீள்முடியை வெட்டினால்தான் தீரும் என்றும் எந்தப் பொறியியலும் சொல்வதில்லை.

ஒழுக்கத்துக்கு உதாரணமாக உங்களுள் மூத்தவர்கள் சிங்கப்பூரைக் காட்டுவது வழக்கம். மலாயாவுக்குப் போய் உழைத்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்நகரின் மேல் இருக்கும் மதிப்பு விளங்கிக்கொள்ளக்கூடியதே. அங்கே 1970களில் நீள்முடி ஆண்களுக்கு எதிராக அரசே இயக்கம் நடத்தியது. அரச அலுவலகங்களில் நீள்முடி ஆண்கள் கடைசியாகவே கவனிக்கப்படுவர் என்ற அறிவித்தல், எவ்வளவு நீளம் நீளம் எனப்படும் என்பதைக் காட்டும் படங்களோடு ஒட்டப்பட்டது. வட்டுக்கோட்டையில் 1915 இல் பிறந்த எஸ். ராஜரத்தினம் அந்நாட்டின் வெளிவிவகார அமைச்சராக இருந்த காலம் அது. அந்த அறிவித்தல்கள் இன்று அங்கே அருங்காட்சியகப் பொருளுக்கு நிகராக, வேடிக்கையாக நினைவுகூரப்படுகின்றன. அவற்றைக் கைவிட்டதால் சிங்கப்பூரின் ஒழுங்கு குலைந்துபோகவில்லை. அந்த ஒழுங்கு ஊழலைத் தண்டித்ததாலும் வேலையை அளந்ததாலும் வந்ததேயன்றிக் கத்தரிக்கோலால் வந்ததன்று.

சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தவில்லை என்று நீங்கள் ஆறுதல் கொள்ளலாம், ஓரளவுக்கு அது சரியும்கூட. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது; ஆனால் 126 ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போவது ஆட்சித்துறை அல்லது நிர்வாகத்துறைச் செயலுக்கு எதிராகவே இயலும், அதாவது அரசும் அரச நிறுவனங்களும் செய்தவற்றுக்கு எதிராக மட்டும். தனியார் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வு அதற்குள் வராது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் 1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் வழியாகத் தொழில் நியாய சபையை நாடலாம். வேலையே கொடுக்கப்படாதவருக்கு அந்தக் கதவும் இல்லை. எனவேதான் இம்மடல் நீதிமன்றத்துக்கு எழுதப்படாமல் உங்களுக்கு எழுதப்படுகிறது: சட்டம் கைவைக்காத இடத்தில் தீர்மானிப்பவர்கள் நீங்கள் மட்டுமே.

அரச நிறுவனங்களும் இதில் முன்மாதிரியாக நடந்துகொள்ளவில்லை என்பது உண்மை. 2016 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடம் மாணவர்களின் டெனிமுக்கும் ரீசேட்டுக்கும் தாடிக்கும் தடை, வெள்ளிக்கிழமைகளில் மாணவியருக்குச் சேலை என்று ஒழுங்குவிதி வகுத்தபோது நாடு முழுவதிலுமிருந்து கண்டனம் எழுந்தது. பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாடி வைத்த மாணவர் ஒருவருக்கு அனுமதி மறுக்கப்பட்ட விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. பாடசாலைகளில் நடப்பது இன்னும் மோசம். காலைக் கூட்டத்தில் மாணவனை முன்னே அழைத்து, தலையின் ஒரு பக்கத்தில் கத்தரிக்கோலை வைத்துக் கொத்தாக வெட்டிவிட்டு, மறுபக்கத்தைச் சலூனில் சரிசெய்து வரும்படி அனுப்பும் தண்டனையை உங்களுள் பலர் மாணவப் பருவத்தில் கண்டிருப்பீர்கள், சிலர் அனுபவித்தும் இருப்பீர்கள். மாணவரை உடல்ரீதியாகத் தண்டிப்பது கொடூரமான, இழிவான நடத்துகையைத் தடைசெய்யும் 11 ஆம் உறுப்புரையை மீறுவதாகும் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எண்ணூறு பேர் பார்த்திருக்க ஒரு பிள்ளையின் தலையை அலங்கோலமாக்குவது அந்த இழிவின் எல்லைக்கு வெளியே நிற்பதாக எவரும் வாதிட முடியாது. நீங்கள் தொழில்தருநர் மட்டுமல்லர். பழைய மாணவர் சங்கங்களிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிலும் ஆலய பரிபாலன சபைகளிலும் தலைவர்களாகவும் பொருளாளர்களாகவும் இருப்பவர்கள். பாடசாலைக்கு விதி இருக்கலாம், சீருடைக்கு ஒழுங்கு இருக்கலாம். ஆனால் கத்தரிக்கோல் தண்டனைக் கருவியாக இருக்கக்கூடாது என்று நீங்கள் கூட்டத்தில் ஒருமுறை சொன்னால் அதிபர் கேட்பார்.

இது ஆண்களின் முறைப்பாடு மட்டுமன்று என்பதையும் கவனியுங்கள். முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட பெண் இதே அலுவலகங்களில் இதே பார்வையை எதிர்கொள்கிறார். தம் பாலினத்தைப் பிறர் விதித்தபடி வாழ இயலாத சிலருக்கு நீள்முடி அலங்காரமாக அல்லாமல் உயிர்மூச்சாகவே இருக்கிறது; அலுவலகப் பகிடி அவர்களை வேலையிலிருந்தும், பின்னர் ஊரிலிருந்தும் துரத்துகிறது. அவர்களது நிலை தனியாக எழுதப்பட வேண்டியது.

உங்களிடம் கேட்கப்படுவது பெரிதன்று. உங்கள் நிறுவனத்தில் முடி பற்றிய விதி உண்மையிலேயே தேவை என்றால் அதை எழுதுங்கள். என்ன வேலைக்கு, என்ன ஆபத்துக்காக, எவ்வளவு என்று எழுதுங்கள். கட்டுவதும் மூடுவதும் போதுமான இடத்தில் வெட்டச் சொல்லாதீர்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதியாக அது இருக்கட்டும். விளம்பரத்திலேயே அதை அச்சிடுங்கள். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கும் விதியை வாயாலும் சொல்லாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் ஒருவரின் தலையைப் பற்றிய பகிடி மூன்றாவது முறையும் சொல்லப்படும்போது, முகாமையாளரான நீங்கள் அதற்குச் சிரிக்காமல் இருங்கள். அது அங்கேயே நின்றுவிடும். அவருடைய தகப்பனாரைக் கோயில் வீதியில் கண்டால் மகனின் வேலையைப் பற்றிப் பேசுங்கள்.

படித்த பிள்ளைகள் தங்காமல் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்விடுகிறார்கள், நல்ல ஊழியர் கிடைப்பதில்லை என்று வர்த்தகச் சங்கக் கூட்டங்களில் நீங்கள் குறைபட்டுக்கொள்கிறீர்கள். போனவர்களுள் சிலர் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து அமர்ந்து, தலையைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அடுத்த நேர்முகத் தேர்வுக்கு நீள்முடியோடு ஒருவர் வந்தால், அவருடைய சான்றிதழ்களை முதலில் எடுத்துப் படியுங்கள், வேலையைப் பற்றிக் கேட்க வேண்டியதையெல்லாம் கேளுங்கள், தகுதி இருந்தால் நியமனக் கடிதத்தைக் கொடுங்கள், இல்லையென்றால் இல்லாத தகுதி எது என்பதை அவருக்கு எழுத்தில் சொல்லுங்கள்.